டீச்சர்கள் நிலைக்க எதில் காசு போடலாம்: ஊக்கத்தொகையா, வழிகாட்டியா, வேனா?

மே மாதம் பிறந்தால் செட்டிநாட்டுப் பக்கம் தொடக்கப்பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரே கவலைதான்: ஜூனில் எத்தனை டீச்சர் திரும்பி வருவார்கள்? ஒருவர் கல்யாணமாகிப் போயிருப்பார், இன்னொருவருக்குக் காரைக்குடியிலேயே பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருக்கும். அரசுப் பள்ளியில் மாறுதல் கலந்தாய்வு. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியதில் ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. அது ஊர்க்காரர் கையில் இல்லை. ஊர் அறக்கட்டளையும் சென்னை, சிங்கப்பூரில் இருக்கும் நகரத்தார் குடும்பங்களும் காசு தரத் தயார் என்றால் அதை எதில் போடுவது என்பதே இங்கே பேச்சு.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஊக்கத்தொகை. "ரெண்டு வருஷம் இருந்தால் இவ்வளவு" என்று சொல்லிவிடலாம், கணக்கு சுலபம். அமெரிக்காவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பின்தங்கிய பள்ளிக்கு மாறிப்போன திறமையான ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டில் 20,000 டாலர். பணம் வந்துகொண்டிருந்தவரை 93 சதவீதம் பேர் நிலைத்தார்கள். ஒப்பிட்ட மற்றவர்களில் 70 சதவீதம். 2013இல் வெளியான முடிவில், தொகை நின்றபிறகு சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம்மூரில் சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கே மாதம் 7,500 ரூபாய்தான் வைத்தார்கள். அந்த மாதிரிச் சம்பளத்தின் மேல் ஊக்கத்தொகை என்று தனியாக ஒன்று எதற்கு? அதே காசை மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடலாம்.

புது ஆசிரியருக்கு அனுபவசாலி ஒருவரைத் துணையாக வைக்கும் வழிகாட்டி ஆசிரியர் திட்டத்தின் கதை வேறு. இதையும் அமெரிக்காவில் 17 மாவட்டங்களின் தொடக்கப்பள்ளிகளில் வைத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: புது ஆசிரியர்கள் வேலையில் தங்குவதில் மாற்றமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு துணை கிடைத்தவர்களின் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் நன்றாகப் படித்தார்கள். ஆகவே ஆள் தங்குவதற்காக இதைச் செய்தால் ஏமாற்றம்தான், பிள்ளைகளுக்காகச் செய்தால் லாபம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வழியில், கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தபின், மொட்டுக் குழுவுக்குப் பாடம் நடக்கும்போது அரும்புப் பிள்ளைகள் கையில் என்ன கொடுப்பது? இதை ஒரு வாரம் பக்கத்தில் நின்று செய்துகாட்ட ஆள் வேண்டும். வருகிறவர் நோட்டைத் திருப்பிக் குறை எழுதுகிறவராக இருந்தால் வராமலே இருக்கலாம்.

மூன்றாவது, வீடும் போக்குவரத்தும். என் ஓட்டு இதற்குத்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, சரி. காலை பஸ் ஒன்று தவறினால் அடுத்தது பிரேயர் முடிந்தபிறகுதானே வருகிறது? சாயங்காலம் திரும்பும்போது வீட்டில் பிள்ளை காத்திருக்கும். இதில் சலித்துத்தான் பலர் டவுன் பள்ளிக்குப் போகிறார்கள். பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டை (உட்பகுதியை) கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் இருட்டினபின் ஒரு டீச்சர் தனியாக இருப்பாரா? பங்காளிகள் பத்துப் பேரிடம் சம்மதம் வாங்குவது அதைவிடப் பெரிய பாடு. பள்ளிக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு, இரண்டு பேர் தங்க, நல்ல தண்ணீரும் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கழிப்பறையும் இருந்தால் போதும். உள்ளூரில் தங்க மனமில்லாதவர்களுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு வேன். அக்கம்பக்கத்து நாலு பள்ளி சேர்ந்தால் செலவு தாங்கும்.

முழுப் பணமும் இருந்தால் வேனும் வீடும், சம்பள உயர்வு, வழிகாட்டி என்ற வரிசையில் செய்யலாம். பாதிதான் இருக்கிறதென்றால் வேனும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரும். திட்டம் பலித்ததா என்று பார்க்கும்போது, கல்யாணமாகி வெளியூர் போனவரைத் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம். பக்கத்துப் பள்ளிக்குப் போனவரைக் கட்டாயம் எழுதுங்கள். ஏன் போனீர்கள் என்று அவரிடம் கேட்கும் வேலையை மட்டும் தாளாளரிடம் விடாதீர்கள், போனவர் வாயே திறக்க மாட்டார்.