சாரலுக்கு எந்தச் செருப்பு? குற்றாலம், மாஞ்சோலை போகிறவர்களுக்கு

பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்த ஷூவை நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஐந்தருவியில் இறங்கிய பத்தாவது நிமிஷம் அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஷூ மோசமில்லை, வந்த ஊர்தான் அதற்குத் தோதில்லை.

அந்த ஷூவில் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். கோர்டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகை. வெளித் தண்ணீரை உள்ளே விடாது, கால் வியர்வையை ஆவியாக வெளியே விடும் என்பதுதான் கணக்கு. ஆவி வெளியேற வேண்டுமானால் வெளியே காற்று காய்ந்திருக்க வேண்டும். சாரல் நேரத்துக் காற்றே பாதித் தண்ணீர். வெளித்துணி ஊறிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மழை ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது, ஆனாலும் சாயங்காலம் சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அத்தனையும் வியர்வை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறி உள்ளே இறங்கிவிட்டால் இன்னும் மோசம். உள்ளே விடாத அதே சவ்வு வெளியேயும் விடாது. சீசன் ஈரத்தில் அது காய ஒன்றிரண்டு நாள் ஆகும்.

இதற்கும் ஓர் இடம் உண்டு. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி பக்கம் குளிர்காற்றில், ஈரப்புல்லில் நடக்க இதுதான் சுகம். வாங்கும்போது ஷூவின் நாக்கை, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கிற பட்டையைப் பாருங்கள். நாக்கின் இரு ஓரமும் எந்த உயரம் வரை ஷூவோடு சேர்த்துத் தைத்திருக்கிறதோ அதுவரைதான் வாட்டர்ப்ரூஃப். சோல் விட்டுப்போனால் தெருமுனையில் நைலான் நூல் போட்டுச் சுற்றித் தைத்துவிடாதீர்கள், ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். பசை போட்டு ஒட்டித்தான் ஆக வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு எங்கள் தேர்வு, குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள ரப்பர் சோல் சாண்டல்தான். இங்கே தண்ணீரைத் தடுப்பது நடக்காத காரியம், வந்த தண்ணீர் உடனே வழிந்து போனால் போதும். பேரருவி, சித்தருவி, நடுவில் குற்றாலநாதர் கோயில் என்று ஒரு நாளில் அஞ்சாறு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லேஸ் கட்டுகிற ஷூவோடு அது தண்டனை.

கடையில் பார்க்க வேண்டியது முதலில் சோல். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் லேசாகப் பதிந்து மீண்டால் மென்மையான ரப்பர், ஈரக் கல்லில் பிடிக்கும். பிளாஸ்டிக் மாதிரி நகம் வழுக்கினால் காலும் வழுக்கும். பள்ளங்கள் 4, 5 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். நெருக்கமான பள்ளத்தில் சேறு அப்பிக்கொண்டு சோல் மொழுமொழுவென்று ஆகிவிடும், இடைவெளி விட்டிருப்பதை எடுங்கள். வாருக்கு உள்ளே தடித்த ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தது வேண்டாம், அது ராத்திரி முழுக்க ஈரமாகவே இருந்து மறுநாள் தோலை உரிக்கும். காலடியில் தோல், துணி எதுவும் கூடாது. வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடிப்பு போய்விடும். பழைய சீப்பால் சீவி எடுத்தால் சரியாகும்.

அளவைச் சாயங்காலம் பாருங்கள், நடந்து கால் வீங்கியிருக்கும். ஈரக்கால் முன்னால் சறுக்கும் என்பதால் விரலுக்கு முன்னே ஒரு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். கடை வாசல் டைல்ஸில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நடந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற இடத்துத் தரைக்கும் பாசி பிடித்த பாறைக்கும் மட்டும் எந்தச் சோலும் பொறுப்பேற்காது. எண்ணெயை மிதித்துவிட்டால் சோப்புப் போட்டுச் சோலைக் கழுவிய பிறகே படி இறங்குங்கள்.

ஓட்டை ஓட்டையாக வருகிற க்ளாக் வகை எடையே இருக்காது, சீக்கிரம் காயும். ஆனால் சோல் தேய்ந்துவிட்டால் சறுக்கும். பின் வாரைத் தூக்கி மேலே விட்டிருந்தால் ஓடையில் காலை விட்டுக் கழன்று மிதந்து போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்தால் சுருங்கி, ஒரு சைஸ் சின்னதாகிவிடும்.

ஹவாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியின் பின்பக்கம் சேற்றுப் புள்ளி வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. சேறு அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்க, கால் மேலே தூக்க, முன்வாரின் குமிழ் ஓட்டை வழியாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். குமிழுக்கு மேலே ஓர் ஊக்கு குத்தி வைக்கிற நம்மூர் வழக்கம் வீடு போய்ச் சேர உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, திருநெல்வேலி டவுனுக்குள் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் சாக்கடை, கண்ணாடிச் சில்லு, ஆணி எல்லாம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும். இங்கே திறந்த சாண்டல் ஆகாது, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வருகிற கம்பூட்ஸ்தான் சரி. உள்ளே நீளமான பருத்தி சாக்ஸ் போடாவிட்டால் பூட்ஸ் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும். தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்ததுமே திரும்பிவிடுங்கள். உள்ளே நிறைந்த பூட்ஸோடு ஓட்டமுள்ள தண்ணீரில் கால் எடுத்து வைக்க முடியாது.

மாஞ்சோலையில் அட்டைப்பூச்சி பூட்ஸ் மேலேயும் ஏறும், வலைத்துணி ஷூவின் கண்களுக்குள்ளும் நுழையும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருகிற அட்டை சாக்ஸ் போட்டு, அதன் மேல்விளிம்பில் புகையிலைத் தண்ணீரோ உப்போ தடவுங்கள்.

தங்குமிடம் திரும்பியதும் விரலிடுக்கைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் மூன்றாம் நாள் சேற்றுப்புண் வந்து நிற்கும். ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். அடுப்போரம் வைத்தால் பசை விடும்.

கடைசியாக, பியு (பாலியூரித்தேன்) சோல். லேசாக, மெத்தென்று இருப்பதால் ஆசையாக வாங்குவார்கள். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். போடாமல் பரணில் வைத்தாலும் தப்பாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்து நாலடி நடந்தால் ரஸ்க் மாதிரி உதிரும். சீசன் முடிகிற நேரத்தில் பாதி விலை என்று பழைய சரக்கை நீட்டினால், முதலில் சோலை நன்றாக மடக்கி ஓரத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.