தி ஓடின் ப்ராஜெக்ட்: எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்காதவர்களுக்கு

கோடிங்தான் என்று முடிவு பண்ணிவிட்டு, ஃப்ரன்ட் எண்டா (பயனர் பார்க்கும் பக்கம்) பேக் எண்டா (பின்னால் சர்வரில் நடக்கும் வேலை) டேட்டாவா என்று வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்துக் குழம்பிக் கிடக்கும் பிள்ளைகள் யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது வெப் டெவலப்மென்ட் கற்றுத்தரும் ஆன்லைன் பாடத்திட்டமான தி ஓடின் ப்ராஜெக்ட்டைத்தான். 2013-ல் தொடங்கியது, முழுக்க இலவசம், பாடங்கள் எல்லாமே ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம். சான்றிதழ் கிடையாது, அது வேண்டும் என்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

நான் இதைச் சிபாரிசு செய்யக் காரணம், முதல் பகுதியான ஃபவுண்டேஷன்ஸ். எந்தத் துறைக்கு மவுசு அதிகம் என்பதைவிட, எந்த மாதிரிச் சிக்கலோடு அலுக்காமல் மல்லுக்கட்ட உங்களால் முடியும் என்பதுதான் இந்த வயதில் முக்கியமான கேள்வி, அதற்கு எந்த வீடியோவும் பதில் சொல்லாது, கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஃபவுண்டேஷன்ஸ் அதைத்தான் செய்ய வைக்கிறது.

தொடக்கம் கரடுமுரடாகத்தான் இருக்கும். விண்டோஸில் நேரடியாக வேலை செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார்கள், லினக்ஸோ மேக்கோ வேண்டும், இல்லாவிட்டால் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் மென்பொருள்) போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். கோட் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை), கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), கிட்ஹப் (அதை ஆன்லைனில் சேமிக்கும் தளம்) என்று இறக்கிவிடுவதால் நிறையப் பேர் இங்கேயே கழன்றுகொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இது சரியான கண்டிப்பு. எந்தப் பிரிவுக்குப் போனாலும் டெர்மினலும் கிட்டும் கூடவே வரும், அந்தப் பயம் முதலிலேயே தெளிந்துவிடுவது நல்லது.

உண்மையான சோதனை ப்ராஜெக்ட்களில்தான். எட்ச்-எ-ஸ்கெட்ச் என்று ஒன்று வரும். 16-க்கு 16 கட்டங்களை ஜாவாஸ்க்ரிப்ட் என்ற வெப் மொழியால் உருவாக்கி, மவுஸ் போகிற கட்டமெல்லாம் நிறம் மாற வேண்டும். அப்புறம் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பலகையின் ஒரு ஓரத்துக்கு எத்தனை கட்டம் என்று கேட்டு, பலகையின் மொத்த அளவு மாறாமல் புதிதாக வரைய வேண்டும், உச்சவரம்பு 100. ஏன் வரம்பு என்றால், 16 கொடுத்தால் 256 டிவ் (ஒவ்வொரு கட்டமும் பக்கத்தில் ஒரு டிவ், அதாவது ஒரு பெட்டி), 100 கொடுத்தால் 10,000 டிவ், பிரவுசர் திணற ஆரம்பித்துவிடும். கட்டத்துக்கு ஒரு பிக்சல் பார்டர் போட்டதும் வரிசை உடைந்து கீழே இறங்கிவிட்டது, ஏன் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னும் சிலருக்கு பார்டர் எப்படிப் போனாலும் கவலையில்லை, பழைய கட்டங்களை மிச்சமில்லாமல் அழித்துவிட்டுப் புதிதாக எப்படிக் கட்டுவது என்பதில்தான் மனசு போகும். முதல் வகை தோற்றத்தின் பக்கம், இரண்டாவது வகை உள்ளே நடக்கும் வேலையின் பக்கம், நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள்.

கடைசியில் வருவது கால்குலேட்டர். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் 12 + 7 - 1 என்று தட்டினால் முதலில் 19 வந்து, பிறகு 18 வர வேண்டும், ஒரு நேரத்தில் இரண்டு எண்களை மட்டுமே கணக்குப் பார்க்கலாம், பூஜ்ஜியத்தால் வகுத்தால் உடைந்துவிடக் கூடாது, கூட்டல் குறியை இரண்டு முறை அழுத்தினாலும் குழம்பக் கூடாது. குறுக்குவழியாக இவால் (எழுத்தாக வரும் கணக்கை அப்படியே இயக்கிவிடும் ஜாவாஸ்க்ரிப்ட் கட்டளை) பயன்படுத்தவும் தடை. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம், அடுத்து என்ன வந்தால் என்ன செய்வது என்று காகிதத்தில் எழுதி எழுதி யோசிக்கிற இந்த வேலை உங்களுக்குச் சுகமாக இருந்தால் பேக் எண்ட் பக்கம் தைரியமாகப் போகலாம். தயவுசெய்து இதை ஏஐ-யிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். கால்குலேட்டர் கிடைத்துவிடும், உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது தெரியாமலே போய்விடும்.

ஃபவுண்டேஷன்ஸ் முடிந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஃபுல் ஸ்டாக் (ஃப்ரன்ட் எண்ட், பேக் எண்ட் இரண்டும் சேர்ந்தது) ஜாவாஸ்க்ரிப்ட், ரூபி மொழியில் அமைந்த ரூபி ஆன் ரெய்ல்ஸ். ஏற்கெனவே கற்ற மொழியிலேயே ரியாக்ட் (ஃப்ரன்ட் எண்டுக்கு), நோட் (பேக் எண்டுக்கு) என்று ஆழமாகப் போகலாம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு நான் ஜாவாஸ்க்ரிப்டைத்தான் சொல்வேன். ரூபி எழுதுவதற்கு இனிமையான மொழி, சர்வர் பக்கம்தான் என்று மனசு சொல்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சேர்வதற்கு முன் உங்களுக்கு எட்டும் இடங்களில் ரெய்ல்ஸ் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பல பாடங்கள் வெளிக் கட்டுரைகளுக்கு அனுப்பிவிடும், ஒன்று அருமையாக இருந்தால் அடுத்தது ஒரே இழுவையாக இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் எழுத்து வடிவில். ஆசிரியர் என்று யாரும் இல்லை, டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் கேட்கலாம், ஆனால் விடையைக் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்பார்கள் (வேலைக்குப் போன இடத்திலும் சீனியர்கள் இதையேதான் கேட்பார்கள்). டேட்டா சயின்ஸ், மொபைல் ஆப், எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்) எதுவும் இங்கே கிடையாது. அந்தப் பக்கம் ஆசை இருப்பவர்கள் ஃபவுண்டேஷன்ஸ் மட்டும் முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம், நஷ்டமில்லை.

இன்னொன்று. கெட்டிங் ஹயர்ட் என்ற வேலை தேடும் பகுதியைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அதைக் கால்குலேட்டர் முடித்த கையோடு ஒரு முறை படித்துவிட்டு, நாலைந்து வேலை விளம்பரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.