இந்தியன் 2: முதல் படத்தின் நற்பெயரில் ஓடும் மூன்று மணி நேரம்

1996ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ‘இந்தியன்’ படத்தில் சேனாபதி (கமல்ஹாசன்) லஞ்சம் வாங்குபவர்களைக் கொல்லக் கத்தியை எடுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. தீக்காயங்களோடு துடிக்கும் மகள் கஸ்தூரிக்குச் சிகிச்சை அளிக்க மருத்துவர் லஞ்சம் கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்று நிற்கும் தந்தையின் கண்முன்னே அவள் இறந்துபோகிறாள். இந்திய தேசிய ராணுவத்தில் போரிட்டுத் திரும்பிய ஒருவர், விடுதலை பெற்ற நாட்டில் தம் மகளைக் காப்பாற்ற வழியின்றி நிற்கும் அந்த இடத்திலிருந்துதான் படத்தின் மற்ற காட்சிகள் எல்லாம் கிளைவிட்டன. மகன் சந்துரு லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் பழுதான பேருந்துக்குச் சான்று கொடுத்து, அதனால் பள்ளிக் குழந்தைகள் மடிந்தபோது, அவனையும் தம் கையாலேயே கொல்லும் நிலைக்கு அந்தக் கிழவர் தள்ளப்பட்டார். கொள்கைக்காக இரண்டு பிள்ளைகளையும் இழந்த மனிதர் என்பதால்தான் பார்த்தவர்கள் அவரை மறக்கவில்லை. கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அந்தப் படம்தான்.

2024 ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ இந்த நினைவை முதலீடாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. அதே இயக்குநர் ஷங்கர், அதே கமல்ஹாசன், அதே வர்மக்கலை. படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு பழைய படமும் திரையரங்குகளில் மறுவெளியீடு செய்யப்பட்டது. ஆகவே சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் எதை நம்பி வாங்கினார்கள் என்பதில் ஐயம் இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஈடாகப் படம் எதைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கதை இதுதான். ஊழலை அம்பலப்படுத்திக் காணொளிகள் வெளியிடும் சித்ரா அரவிந்தன் (சித்தார்த்) என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும், நாட்டின் நிலை கண்டு மனம் வெதும்பி, சேனாபதி திரும்பி வர வேண்டும் என்று சமூக ஊடகங்களில் அழைப்பு விடுக்கிறார்கள். தைவானில் இருக்கும் அவர் வருகிறார். இளைஞர்கள் தத்தம் வீட்டிலிருந்தே களையெடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறார். பெரும்புள்ளிகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இதன் பிறகு படம் இரண்டு பாதைகளில் நடக்கிறது. ஒன்று வெறும் காட்சி வைபவம். மற்றொன்றில் ஒரு நல்ல படத்துக்கான கரு கிடக்கிறது.

அந்தக் கருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சித்ரா அரவிந்தனின் தந்தை (சமுத்திரக்கனி) லஞ்ச ஒழிப்புத் துறையில் பணிபுரிபவர். அவரே லஞ்சம் வாங்குபவர் என்பதை மகன் கண்டுபிடித்து, சேனாபதியின் சொல்லை ஏற்று அவரைச் சட்டத்திடம் பிடித்துக் கொடுக்கிறான். அந்த அவமானம் தாங்காமல் தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முதல் படத்தில் மகனைத் தண்டித்த தந்தையைப் பார்த்தோம்; இங்கே தந்தையைக் காட்டிக்கொடுத்த மகன் நிற்கிறான். உறவினர்கள் அவனைத் தாயின் ஈமச்சடங்கில் எப்படிப் பார்ப்பார்கள், அவன் எதிரே நின்று சேனாபதி என்ன சொல்வார், தம் மகனைக் கொன்ற அந்த நாள் அவருக்கு நினைவு வருமா என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. இந்த ஒரு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையாக அவிழ்த்திருந்தால் இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பொருள் இருந்திருக்கும். ஆனால், படம் அந்தத் துயரத்தைச் சேனாபதிக்கு எதிராக மக்கள் திரும்புவதற்கான காரணமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அவசரமாக ஒரு துரத்தல் காட்சிக்குத் தாவிவிடுகிறது. சித்தார்த் அந்தப் பகுதியில் உண்மையாகவே நடித்திருக்கிறார். அவருக்கு இன்னும் பத்து நிமிடங்கள் கொடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மறுபாதையில் வரும் கொலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அரங்குகளில், தனித்தனி வேடங்களில், பெரும் செலவில் நடக்கின்றன. கொல்லப்படுபவர்களின் ஆடம்பரம் காட்டப்படுகிறதே தவிர, அவர்களால் பாதிக்கப்பட்ட ஒருவரின் முகமாவது மனத்தில் பதியும்படி காட்டப்படவில்லை. முதல் படத்தில் இரண்டு விரல்களின் அசைவிலேயே அச்சம் ஊட்டிய வர்மம், இங்கே உடல்களை விதவிதமாக ஆட்டுவிக்கும் வித்தையாகிவிட்டது. சேனாபதியின் வயது நூறைக் கடந்திருக்க வேண்டும் என்பதைக்கூட மன்னித்துவிடலாம். அவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதை மன்னிக்க முடியவில்லை. வசனங்களும் அறிவுரைகளாகவே நீள்கின்றன. முதல் படத்துக்கு எழுதிய சுஜாதா கோபத்தையும் சுருக்கமாகப் பேசவைத்தவர். அவர் இல்லாத குறை இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

இவ்வளவையும் சொல்லும்போது, இந்தப் படம் கடந்து வந்த பாதையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019இல் தொடங்கிய படப்பிடிப்பு 2020இல் நடந்த கிரேன் விபத்தில் மூவரைப் பலிகொண்டது. தொடர்ந்து பெருந்தொற்று வந்தது. இதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் படம் முடிவதற்குள் மறைந்தார்கள். உழைப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ரவிவர்மனின் ஒளிப்பதிவில் அந்த உழைப்பு தெரியத்தான் செய்கிறது. எழுதும் மேசையில் செலவழித்திருக்க வேண்டிய காலம்தான் போதவில்லை. அரங்கில் உண்மையான சிலிர்ப்பு எழுவது ஏ.ஆர்.ரகுமானின் பழைய இசைத்துணுக்கு ஒலிக்கும் நொடியில் என்றால், அந்தச் சிலிர்ப்பும் 1996இல் ஈட்டப்பட்டதுதான்.

தொடர்ச்சிப் படங்கள் என்றாலே இப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். 2021இல் வந்த மலையாளப் படமான ‘திரிஷ்யம் 2’ அதை மறுக்கிறது. முதல் பாகத்தில் ஒளித்த குற்றம் அந்தக் குடும்பத்தின் உறக்கத்தை எப்படிக் கெடுத்தது, ஊர் அவர்களைப் பற்றி என்ன பேசியது என்பதிலிருந்தே ஜீத்து ஜோசப் இரண்டாம் கதையைக் கட்டினார். தமிழிலேயே, ‘இந்தியன் 2’க்கு நான்கு வாரங்களுக்கு முன் வந்த ‘மகாராஜா’ எந்தப் பழைய வெற்றியின் தோளிலும் ஏறவில்லை. குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு வரும் ஒரு முடிதிருத்துநரின் கதை, திரைக்கதையின் கட்டுமானத்தாலேயே கூட்டத்தைச் சேர்த்தது. தரம் இருந்தால் நம் ரசிகர்கள் வருகிறார்கள் என்பதற்கு அந்தக் கோடையே சான்றாக இருக்கும்போது, பெயர் போதும் என்று தயாரிப்பாளர்கள் எண்ணுவது வருத்தமளிக்கிறது.

வெளியான சில நாட்களில் படத்தின் நீளத்தைச் சுமார் பன்னிரண்டு நிமிடங்கள் குறைத்தார்கள். குறைத்தபின் வேகம் சற்றுக் கூடியிருக்கலாம். முதல் நாள் முழுக் கட்டணம் கொடுத்து மூன்று மணி நேரம் அமர்ந்தவர்களுக்கு அதனால் பயன் இல்லை. படத்தின் இறுதியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் வருகிறது. சேனாபதியின் தந்தை காலத்துக்கு, வெள்ளையர் ஆட்சிக்குச் செல்லும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு கதை இருப்பதாகத் தெரிகிறது. அது வந்தால், முதல் நாளே ஓடாமல், பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டபின் சீட்டு வாங்குவேன். ‘இந்தியன் 2’ பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டிலேயே ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம். சித்தார்த்தும் சமுத்திரக்கனியும் வரும் பகுதியை மட்டும் தவறவிட வேண்டாம்.