‘பிரே ஆஸ் யூ கோ’ செயலி: உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகான 50 நாளுக்குப் போதுமா?

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கப் பங்குகளில் நிகழ்ச்சிக்குக் குறைவே இருக்காது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, தியானம், ஒப்புரவு வழிபாடு என்று நாள்கள் நிரம்பி வழியும். உயிர்ப்புத் திருப்பலி முடிந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும். நாள்காட்டியில் பார்த்தால் தவக்காலத்தைவிட நீளமானது உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கும் பாஸ்கா காலம்தான்: தூய ஆவி ஞாயிறு (பெந்தகோஸ்து) வரை 50 நாள். இந்த நாள்களைத் தனியாகக் கடக்க நினைப்பவர்களுக்கு, பிரிட்டன் இயேசு சபைத் துறவியர் 2006 முதல் நடத்திவரும் ‘பிரே ஆஸ் யூ கோ’ என்ற ஒலிவழிச் செபம் நல்ல துணை. ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும்.

செயலி இலவசம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு ஒலிப்பதிவு, வார இறுதிக்கு ஒன்று; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 முதல் 13 நிமிடம். மணியோசை, பாடல், அன்றைய திருப்பலி வாசகம், சில கேள்விகள், பெரும்பாலும் அதே வாசகம் மறுபடியும், கடைசியில் திரித்துவப் புகழ். பேச்சு அளவானது, போதனை வாடை இல்லை. பேருந்திலும் ரயிலிலும் கேட்பதற்கென்றே உருவானது என்பதால் இரைச்சலிலும் குரல் தெளிவாகக் கேட்கிறது.

பாஸ்கா காலத்துக்கு இது பொருந்துவதற்குக் காரணம் வாசக வரிசை. முதல் எட்டு நாளில் உயிர்த்த இயேசுவின் காட்சிகள் ஒவ்வொன்றாக வருகின்றன: செவ்வாயன்று கல்லறையருகே மகதலா மரியா, புதனன்று எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரு சீடர், வெள்ளியன்று திபேரியக் கடற்கரையில் காலை உணவு. பிறகு யோவான் நற்செய்தியின் 3, 6, 10ஆம் அதிகாரங்கள் என்று நகரும். பழைய ஏற்பாட்டு வாசகத்தின் இடத்தில் நாள்தோறும் திருத்தூதர் பணிகள். பயந்து கதவடைத்துக் கிடந்த சீடர்கள் தெருவுக்கு வந்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்த நூல் சொல்கிறது. ஆனால் செயலி இரண்டு வாசகங்களில் ஒன்றைத்தான் எடுக்கும். மற்றதை நாமே திருவிவிலியத்தில் படித்துக்கொள்ளாவிட்டால் கதையின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

குறைகளும் உண்டு. பேச்சு ஆங்கிலத்தில்தான், பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகச் சில நாளாகும். பகுதியை முன்னதாகத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். கேள்விக்குப் பிறகு விடும் இடைவெளி பலருக்குப் போதாது. அங்கே நிறுத்திவைத்துவிட்டு, மனம் நின்ற இடத்திலேயே நிற்கலாம். இன்னொன்று: இங்கிலாந்தில் ஆண்டவரின் விண்ணேற்ற விழா வியாழக்கிழமை, இந்தியாவில் ஞாயிறு. அந்த வாரத்தில் செயலியின் வாசகமும் பங்கில் கேட்பதும் வேறுபடலாம், குழம்ப வேண்டாம்.

பலரும் சறுக்குவது வேறிடத்தில். வாரம் முழுக்க விட்டுவிட்டு சனிக்கிழமை நான்கைச் சேர்த்துக் கேட்பார்கள். நிறைய அறிவதைவிட உள்ளூரச் சுவைப்பதே ஆன்மாவுக்கு நிறைவு என்று இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலின் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார். தவறிய நாள் தவறியதுதான், விட்டுவிடுங்கள்.

அடுத்த பாதிக்கு வருவோம். காலையில் எழுந்த நல்லெண்ணம் மாலைக்குள் ஆவியாகிவிடுகிறது. செயலி யாரையும் திரும்பக் கேட்பதில்லை. ஆகவே கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு, என்ன, எப்போது. ‘பிறரை நேசிப்பேன்’ என்றால் செல்லாது. ‘பேசாமலிருக்கும் அண்ணனுக்கு இன்று எட்டு மணிக்குப் போன்’ என்றால் செல்லும். இரவில் ஆன்மச் சோதனை. இதற்கும் செயலியில் தனி ஒலிப்பதிவு உண்டு. நன்றி, ஒளி வேண்டல், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம் என்று ஐந்து படி. பழகினால் பத்து நிமிடம் போதும். நாளைத் திரும்பிப் பார்க்கும்போது காலையில் எழுதிய வரியை எடுத்துப் பாருங்கள். ஒரே வரி மூன்று நாள் நிறைவேறாமல் நின்றால் அதைச் சின்னதாக்குங்கள்: போன் முடியாவிட்டால் ஒரு குறுஞ்செய்தி.

ஆங்கிலம் சுத்தமாக ஒத்துவராதவர்கள் செயலியை விட்டுவிட்டு, திருத்தூதர் பணிகளின் 28 அதிகாரங்களைப் பிரித்துப் படித்து, இந்த வரியையும் சோதனையையும் மட்டும் வைத்துக்கொண்டாலே போதும். நடுவில் சேருபவர்கள் பழைய பதிவுகளைத் தேட வேண்டியதில்லை, அன்றைய நாளிலிருந்தே தொடங்கலாம். தூய ஆவி ஞாயிறுக்கு மறுநாள் திருவழிபாட்டின் பொதுக்காலம் தொடங்கிவிடும், திருத்தூதர் பணிகள் வாசகமும் நின்றுவிடும். பதிவுகள் மட்டும் வழக்கம்போலத் தொடரும்.