செடர்பெர்க் பாறை ஓவியம் பார்க்க டூர் புக் பண்ணும் முன்னால் இதைப் படியுங்கள்

ஈஸ்டர் லீவு வரப்போகிறது, கேப் டவுனில் இருக்கிற நம்ம ஆட்கள் பாதிப் பேர் வடக்கே செடர்பெர்க் மலைப் பக்கம் கிளம்புவார்கள், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன மாசம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து மனைவியின் மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் பாறையில் வரைந்ததை மலையிலேயே பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ரொம்ப நாள் ஆசை. 2000-இல் வந்த தென்னாப்பிரிக்க நாட்டுச் சின்னத்தின் நடுவில் இரண்டு உருவங்கள் எதிரெதிரே நிற்குமே, அவை சான் ஓவியம் உள்ள லிண்டன் பாறையிலிருந்து எடுத்தவை. அந்தப் பாறையை இங்கே இசிகோ அருங்காட்சியகத்தில் காட்டினேன், அவருக்குப் போதவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு டூர்காரர் கிடைத்தார். ஆளுக்கு 1,650 ரேண்ட், நாலு பேருக்கு 6,600, முழுப் பணமும் முன்கூட்டியே. வழிகாட்டி, அனுமதிச் சீட்டு, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கமாம். காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டே முக்காலுக்கு வந்தது. என்7 சாலையில் கிளான்வில்லியம் வரைக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல், அப்புறம் பாக்ஹைஸ் கணவாய் ஏறி இறங்கி இன்னும் முப்பது சொச்சம். ஒரு பண்ணை நிலத்தில் ஓவியங்களைப் பார்த்தபடி நடக்கிற செவில்லா பாதையில் கால் வைக்கும்போது உச்சி வெயில். நிழல் என்று சொன்னால் பாறையின் அடி மட்டும்தான்.

வழிகாட்டி எங்கே என்று கேட்டேன். டிரைவரேதானாம்! இந்த நாட்டில் வழிகாட்டி என்றால் பதிவு செய்திருக்க வேண்டும், பேட்ஜும் அட்டையும் வைத்திருக்க வேண்டும். கேட்டால் “வண்டியில் இருக்கிறது” என்றார், கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. ஓவியமெல்லாம் ரத்தத்தால் வரைந்தது, பத்தாயிரம் வருஷம் என்று அடித்துவிட்டார். அது செங்காவி. நான் விழுப்புரத்துக்காரன், கீழ்வாலைப் பாறையில் அதே சிவப்பைப் பார்த்து வளர்ந்தவன், என்னிடமா?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். மூன்றாவது இடத்தில் மங்கலாக இருந்த ஒரு மனித உருவத்தின் முன்னால் நின்று, “போட்டோவுக்குப் பளிச்சென்று வரும்” என்று சொல்லிக்கொண்டே பாட்டில் தண்ணீரைப் பாறையில் ஊற்றினார். இரண்டு கோடாக இறங்கியது, ஒன்று அந்த உருவத்தின் முழங்கால் மேலேயே. மாமா சட்டென்று குறுக்கே போய்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயசுக்காரர், கை நடுங்கியது. தண்ணீர் பட்டால் பாறைக்குள் இருக்கிற உப்பு வெளியே வந்து ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் படியும், அப்புறம் துடைத்தாலும் போகாது. 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி ஓவியத்தைக் கெடுப்பது குற்றமும்கூட. பக்கத்தில் நின்றது நாங்கள், போட்டோ எடுக்க ஃபோனைத் தூக்கி வைத்திருந்தது நான்.

கொஞ்ச நேரத்தில் பண்ணை ஆள் ஒருவர் வந்து சீட்டு கேட்டார். வாங்கவே இல்லை. திரும்ப நடந்து போய் ஆபீஸில் நானே காசு கட்டினேன், விலையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது, ஆளுக்கு ஒரு பர்கர் காசு. இதில் தெரிந்துகொண்டது: அந்தப் பாதைக்கு வழிகாட்டியே வேண்டாம். நாலைந்து கிலோமீட்டர்தான், பாதையைக் குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள், பண்ணையில் சீட்டு எடுத்துக்கொண்டு நாமே நடக்கலாம். சொந்தக் காரோ வாடகைக் காரோ போதும். பிப்ரவரி மாதிரி வெயில் காலமென்றால் விடியற்காலையில் நடந்து முடித்துவிடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், குடிக்க.

சாப்பாடு? வெள்ளிக்கிழமை, அத்தை மரக்கறி மட்டும்தான் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். பொலோனி, அதாவது இறைச்சி வைத்த சாண்ட்விச் வந்தது. அத்தை ஒரு ஆரஞ்சோடு நாளை ஓட்டினார்.

மீதி இடங்களை மாமாவும் நானும் தனியாக நடந்து பார்த்தோம். வில்லோடு ஓடுகிற ஒருவனின் முன்னால் அவர் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். கீழே டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “செக் பண்றேன் சார்” என்று பதில் வந்தது. மூன்று வாரம் ஆச்சு. இப்போது என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.