நாயோடு மோவாப்: கொரோனா ஆர்ச்சா, கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கா?

வசந்த காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் ஊர்ப் பக்கம் நாயோடு போகிறவர்களுக்கு ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் இரண்டும் கணக்கிலேயே வராது. அந்தத் தேசியப் பூங்காக்களின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை. ஊரைச் சுற்றியுள்ள பொது நிலங்கள்தான் கதி. எங்கள் லாப்ரடாரோடு கொரோனா ஆர்ச்சுக்கும் போனோம், கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்குக்கும் போனோம். யாராவது கேட்டால் கிராண்ட்ஸ்டாஃப் என்றுதான் சொல்வேன்.

அழகில் கொரோனாதான் ஒரு படி மேல். 140 அடி அகலம், 105 அடி உயரம் கொண்ட பாறை வளைவு. போய்வர சுமார் 5 கி.மீ.தான். ஆனால் பாதையில் பெரும்பகுதி வெற்றுப் பாறை. கம்பி பிடித்து ஏறும் இடத்தை எங்கள் நாய் தானாகவே தாண்டிவிட்டது. அடுத்து வரும் சின்ன ஏணியில்தான் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று தூக்க வேண்டியிருந்தது.

ஏணியைக்கூடச் சமாளிக்கலாம், வெயிலைத்தான் முடியாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்று சில்லென்று வீசும் நாளிலும் உச்சி வெயிலில் பாறை சுடும். புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. கொரோனா வழியில் நிழலும் குறைவு, தண்ணீரும் கிடையாது.

கிராண்ட்ஸ்டாஃபில் வருடம் முழுக்க ஓடும் ஓடை உண்டு. பாதை அதைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் எங்கள் நாய் வயிறு நனையப் படுத்துவிட்டு, எழுந்து உதறி எங்களையும் நனைத்தது. போய்வர 7 கி.மீ. ஆகியும் சோர்வில்லை. ஓடைநீரில் ஜியார்டியா கிருமி இருக்கலாம் என்பதால் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையே கொடுத்தோம். 1870களின் கடைசியில் வில்லியம் கிராண்ட்ஸ்டாஃப் என்ற கறுப்பின மாட்டுக்காரர் இங்கே மந்தை வைத்திருந்தார். அவரையும் இந்த ஓடைதான் இழுத்திருக்கும்.

குறை ஒன்று உண்டு: தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவி செடி. பாதை முடியும் இடத்தில், 243 அடி நீள மார்னிங் குளோரி பாறைப் பாலத்தின் அடியில் மும்மூன்று இலையாக மண்டிக் கிடக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. செடியின் எண்ணெய் நாயின் ரோமத்தில் ஒட்டி, தடவிக்கொடுக்கும் நம் கையில்தான் அரிப்பாக வெடிக்கும். அங்கே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், திரும்பியதும் கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்கள். காய்ந்த புல்லின் முள்விதை விரலிடுக்கில் ஏறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

நான் சொல்வதெல்லாம் வசந்த காலத்துக்கு மட்டும். கோடையில் இரண்டுக்கும் போனதில்லை. கையில் தூக்கக்கூடிய சின்ன நாய், நாளும் மேகமூட்டம் என்றால் தாராளமாகக் கொரோனாவுக்கே போங்கள். நாய்க்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.