ஒரே தலையில் இரண்டு முடி: வெட்டுவதா, வளரவிடுவதா, மறுபடி நீட்டுவதா?

ஸ்மூத்தனிங், அதாவது ரசாயனம் போட்டு முடியை நேராக நீட்டுவது, செய்துகொண்ட சுருட்டை முடிக்காரிகளுக்கு ஐந்தாவது மாதம் ஒரு வேலை வந்து சேரும். வகிட்டின் இரண்டு பக்கமும் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சொந்த முடி கிளம்பி நிற்கும். அதற்குக் கீழே காசு கொடுத்து வாங்கிய முடி ஈர்க்குச்சி மாதிரி தொங்கும். உடனே பார்லருக்குப் போன் போட்டு, புதிதாக வளர்ந்ததையும் நீட்டிவிடும் டச்-அப்புக்கு நாள் கேட்க வேண்டும். ஐந்து வருடம் நான் தவறாமல் போட்டேன். ஆறாவது வருடம் போடவில்லை. பெரிய ஞானோதயம் எதுவும் இல்லை. கடைசி டச்-அப் முடிந்த மறுவாரம் குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது. குச்சியை விட்டு இழுத்தால் வந்ததெல்லாம் என் முடி.

சரி, நிறுத்திவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அதற்கும் ஆளுக்கொரு யோசனை வைத்திருக்கிறார்கள் என்று. அப்படியே டச்-அப் செய்துகொண்டு போ என்றாள் தங்கை. சில மாதம் மட்டும் நிற்கும் கெரட்டின் பூச்சு போட்டு மெதுவாக மாறிக்கொள்ளலாம் என்றார் பார்லர் அக்கா. வெட்டாமல் வளரவிடு என்றாள் ஆபீஸ் தோழி. ஒட்ட வெட்டிவிடு என்று இன்னொருத்தி. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பிரச்சினை சுருட்டையிலும் இல்லை, நீட்டிலும் இல்லை. இரண்டும் சேரும் அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் இருக்கிறது. எந்த வழி அந்த இடத்தை என்ன செய்கிறது என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் கிரீம்களில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைக்கோலேட் வகை ரசாயனம். முடிக்கு வடிவம் தரும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கும். அப்புறம் சூடான இரும்பால் நீட்டி இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர் போட்டு, அதே நீட்டு வடிவத்தில் பிணைப்புகளை மறுபடி கட்டிவிடுகிறார்கள். அந்த முடி வெட்டப்படும் நாள் வரை அப்படியேதான் இருக்கும். ‘ஆறு மாசத்துல பழையபடி ஆயிடும்’ என்று பார்லரில் சொல்வது புதிதாக வளர்கிற முடியை வைத்து. செய்த முடியைத் தேங்காய்ப்பாலோ வெந்தயமோ எந்த மாஸ்க்கோ திரும்பச் சுருட்டாது. இதை நம்பாமல் நான் இரண்டு மாதம் செம்பருத்தி இலை அரைத்தேன். மிக்ஸிதான் பச்சையானது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் போட்டுவந்த ரிலாக்ஸர் என்னும் முடி நீட்டும் கிரீம் இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வீடு. அதன் பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் காஸ்டிக் சோடா என்று சொல்வது. ரிலாக்ஸர் போட்ட முடியின் மேல் தயோ கிரீமோ, தயோ போட்ட முடியின் மேல் ரிலாக்ஸரோ பட்டால் முடி கையோடு வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் சலூன் மாற்றும்போது முன்னால் என்ன போட்டோம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒட்ட வெட்டுவதற்கு ‘பிக் சாப்’, காத்திருப்பதற்கு ‘டிரான்சிஷனிங்’ என்று நாம் இன்று சொல்கிற பெயர்களும் அந்தப் பெண்களிடம் கடன் வாங்கியவைதான். அவர்களுக்கு இது அழகு விஷயத்தோடு நிற்கவில்லை. இயற்கை முடியோடு வந்ததற்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2019-ல் கிரவுன் சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. நமக்கு அந்த அளவு இல்லை. நமக்கு அம்மாக்கள்தான்.

டச்-அப்பைத் தொடர்வது

வசதி என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. காலையில் ஐந்து நிமிடம், ஒரு சீப்பு, கிளம்பிவிடலாம். மழை வந்தாலும் பயமில்லை. இதை மறைத்துவிட்டுச் சுருட்டை முடிக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனசில்லை.

செலவு? முதல் முறை எனக்கு 6,500 ரூபாய். பிறகு வருடத்துக்கு இரண்டு டச்-அப், ஒவ்வொன்றும் 3,800 பக்கம். ஐந்து வருடத்தில் 40,000-ஐத் தொட்டுவிட்டது. அதற்கென்று தனி ஷாம்பு வேறு. ஆனால் எனக்கு உறைத்தது பணம் இல்லை, அந்த ஒட்டுப்போட்ட இடம்தான். கிரீமைப் புது முடிக்கு மட்டும் பூச வேண்டும். ஏற்கெனவே நீட்டிய முடியில் மறுபடி படக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் யார் அந்த அளவு பார்த்துப் பூசுவார்கள்? ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை பழைய முடியிலும் ஏறும். ஐந்து வருடம் அப்படி ஏறி ஏறித்தான் என் வடிகால் அடைத்தது.

உடல்நலக் கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடம் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், முடி நீட்டும் ரசாயனம் எதையும் போடாதவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், வருடத்தில் நாலு முறைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தொடர்பு தெரிகிறது என்றுதான் சொல்கிறது. அங்கே அதிகம் புழங்குவது ரிலாக்ஸர் என்பதால், நம் ஊர் ரீபாண்டிங்குக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை போட்ட நான் அதைப் படித்துவிட்டு அலறவில்லை. ஆனால் தொடர்வதற்கு ஒரு காரணம் குறைந்தது.

கெரட்டின் என்னும் நடுவழி

கெரட்டின், போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று வருடத்துக்கு ஒரு பெயர் வருகிறது. ‘இது ட்ரீட்மென்ட்மா, கெமிக்கல் இல்ல’ என்பார்கள். நிறுத்த நினைப்பவளுக்கு இதைவிட மோசமான யோசனை இல்லை என்பது என் தீர்ப்பு. மூன்று நாலு மாதத்தில் கரைந்துவிடும், உண்மை. ஆனால் அதை ஒட்டவைக்க 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பை முடியில் பலமுறை இழுக்கிறார்கள். நீங்கள் காத்திருந்து வளர்த்த இரண்டு அங்குலப் புதுச் சுருளின் மேலும்தான் அந்த இரும்பு ஓடும். சூட்டில் செத்த சுருள் கெரட்டின் கரைந்த பிறகும் திரும்பாது. ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தது, இப்போது இரண்டு.

புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பலவும் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ‘ஃபார்மால்டிஹைட் இல்லாதது’ என்று விற்பவற்றில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 26 வயதுப் பெண் ஒருத்தி அந்த வகை கிரீமை மூன்று முறை போட்டு, மூன்று முறையும் சிறுநீரகப் பாதிப்போடு வந்ததை 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. இஸ்ரேலிலும் முடி நீட்டிக்கொண்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 பேரை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கக் கேட்டால் கொடுக்காத பார்லரிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

வெட்டாமல் வளரவிடுவது

நான் எடுத்தது இந்த வழி. ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தேன்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், வருடத்துக்கு 15. என் முடி அப்போது 45 சென்டிமீட்டர். அந்த நீளம் குறையாமல் முழுக்க மாற மூன்று வருடம். அதோடு சுருட்டை முடியின் 15 சென்டிமீட்டர் என்பது இழுத்துப் பிடித்தால் 15, விட்டால் எட்டு. கண்ணாடியில் ஒரு வருட உழைப்பு காதுமடல் வரைக்கும் வராது.

இதில் கஷ்டம் எங்கே என்பது ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஈரத்தலையில் பெரிய பல் சீப்பை விட்டேன். மேலே வழுக்கிக்கொண்டு வந்தது, நடுவில் நின்றது, ‘பட்’ என்று ஒரு சத்தம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனை பாகற்கொடியின் பற்றுக்கம்பி மாதிரி இறுகச் சுருண்டிருந்தது. கொஞ்ச தூரத்துக்குமேல் அதே முடி தளர்ந்து, நூலாக மெலிந்து, அந்த இடத்தோடு அறுந்திருந்தது. மிச்சப் பாதி சீப்பில். இரண்டு முடிக்கும் இழுவை வேறு, கனம் வேறு. நீட்டுப் பாதி கீழே இழுக்க, சுருட்டைப் பாதி மேலே ஏறப் பார்க்க, நடுவில் இருப்பது தாங்குவதில்லை. காத்திருந்தால் நீளம் தங்கும் என்று நினைத்தேன். பாதி நீளம் தானாகவே உடைந்துகொண்டிருந்தது.

சமாளிக்க வழிகள் இருக்கின்றன. ஈரத்தில் பிசுக்கென்று கண்டிஷனர் போட்டு, விரலால் மட்டும், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரவில் ஈரம் காயாமல் நாலைந்து பின்னலாகப் போட்டுக் காலையில் அவிழ்த்தால் நீட்டுப் பாதியும் நெளிநெளியாக வந்து, மேலே இருப்பதோடு ஒத்துப்போகும். ஆபீஸுக்கு அது போதும். என் பழைய பட்டுப் பாவாடை ஒன்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டேன், பருத்தி உறை சிக்கை வளர்க்கிறது என்பதால். ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதத்தில் சூடாக இருக்கும்போதே பழைய துப்பட்டாவில் வடிகட்டினால் ஜெல் தயார். ஆறவிட்டால் வடியாது, நானே சாட்சி. பிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும்.

ஒட்ட வெட்டிவிடுவது

ஒரே நாளில் ஒட்டுப்போட்ட இடம் காலி. சுருளை இழுத்துப் பிடிக்கும் கனமும் போய்விடுவதால், உங்கள் சுருள் உண்மையில் எப்படி என்பது அன்றைக்கே தெரியும். வேலை, செலவு எல்லாவற்றிலும் மலிவு இதுதான்.

ஆனால் வெட்டிய தலையோடு வாழ வேண்டியது ஊரில். கிராப் வெட்டிய பெண்ணைப் பார்த்தால் முதல் கேள்வி ‘உடம்புக்கு என்ன?’ என்பதாகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், முழு மொட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘பழனிக்கு வேண்டுதல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலே யாரும் கேட்கமாட்டார்கள். பூமுடி கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக் கழுத்து வரை வெட்டிக்கொண்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். சாமிக்குப் போனது மூன்று விரற்கடை, மிச்சம் அண்ணா நகர் சலூனில்.

வெட்டுவதை ஒரே வழி என்று சத்தியம் செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. நாலு மாத வளர்ச்சியில் வெட்டினால் கையில் இருப்பது ஐந்து சென்டிமீட்டர். சுருண்டால் தலையோடு ஒட்டிய குல்லா. துணிச்சல் இருந்தால் சரி. இல்லாதவர்கள் அழுதுகொண்டு மறுபடி பார்லருக்குத்தான் போவார்கள். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

யாருக்கு எது

தோள் வரைக்கும் முடி இருந்து, உடைவதும் குறைவாக இருந்தால் வளரவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஓர் அங்குலம் நுனியைக் குறைத்துக்கொண்டே போனால் ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். இடுப்பு வரைக்கும் வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். நாலு வருடம் யாருக்குப் பொறுமை. சீப்பில் அறுந்த முடி தினமும் வந்தால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை, ஒட்டுப்போட்ட இடத்தைக் கத்தரிதான் தீர்க்கும். அடுத்த ஆறு மாதத்தில் கல்யாணம் என்றால் இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். டச்-அப் செய்து நிம்மதியாக இருக்கிறேன் என்பவர்களைத் திருத்துவதும் என் வேலை இல்லை. கிரீம் பழைய முடியில் ஏறாமல் பார்த்துப் பூசும் கை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சுருட்டை முடி என்றால் வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தலைகுளிக்கும் நாளில் எனக்கு முக்கால் மணி நேரம் போகிறது. எங்கள் தெருவின் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வறண்ட தலையில் சீப்பே படக்கூடாது.

நான் ஒன்பதாவது மாதம் தோற்றுப்போய் வெட்டினேன். 11 சென்டிமீட்டர் மிஞ்சியது. மதுரைக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள். ‘ஏன்டி, சின்னப் பிள்ளையில இதைப் படிய வைக்க நான் அரை லிட்டர் எண்ணெய் ஊத்துனேனே’ என்றாள். ஆறு வற்றும்போது மணலில் விழும் நெளிவுக்கு அறல் என்று பேர், சங்கப் பாட்டில் பெண்களின் கூந்தலுக்கு அதைத்தான் உவமை சொல்வார்கள் என்று எடுத்துவிட்டேன். ‘வைகையிலதான் வருசம் பூரா மணலு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரு முழம் மல்லிகையோடு வந்தாள். ஸ்மூத்தனிங் இருந்த ஐந்து வருடமும் பூ என் தலையில் நின்றதில்லை. நாலு ஹேர்பின் குத்தினாலும் கோபுரவாசல் போவதற்குள் வழுக்கித் தோளில் கிடக்கும். இந்த முடியில் எங்கே குத்துவது என்று முனகிக்கொண்டே சரத்தை மடித்துக் காதுக்குப் பின்னால் சுருளுக்குள் செருகினாள். பின்னை எடுக்கக் கையை எடுத்தாள். பூ அப்படியே நின்றது.